படம் இருந்த இடம்

தட்டை டிவியைக் கம்பளியில் சுற்றி, கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு பூரணி வாசற்படி இறங்கினாள். வாய் நிறைய நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜீவராணி அவசரமாகத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தாள்.

“என்னக்கா, டிவிக்குக் காய்ச்சலா? கம்பளியெல்லாம் போத்தியிருக்கீங்க. மருந்துக்காம்பராவுக்கா கொண்டு போறீங்க?”

“ஒன் வீட்டுக்குத்தான்டி. நகரு. அந்தி வரைக்கும் வச்சுக்க.”

“கேஸ் அடுப்பு?”

“அதையும் பாப்பா கொண்டாருது.”

“ஐயோ, அப்ப இன்னைக்கு எங்க வீட்டுல கேஸ்ல சோறு! வெள்ளக்காரவங்க தெனந்தெனம் வந்தா நல்லாத்தான் இருக்கும்.”

பூரணியின் மகள் வினோதா சிரிக்கவில்லை. அடுப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜீவராணியின் வீட்டுக்குள் நுழைந்து, இருட்டில் இடம் தேடி வைத்தாள். அம்மா அதைத் தினமும் துடைத்துத் துடைத்து, வாங்கி வந்த அன்றிருந்த பளபளப்பு இன்னும் போகவில்லை. அதை வேறொருவர் வீட்டு மூலையில் பார்க்கையில், அடகு வைத்த நகையைப் பார்ப்பதுபோல இருந்தது.

வட்டவளைக்கு மேலே, ரயில் பாதை பார்வைக்கு எட்டும் சரிவில் இருந்தது அந்த லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த வீடுகளில் மூன்றாவது பூரணியுடையது. பூரணியுடையது என்பது பேச்சுக்குத்தான். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அந்தத் தோட்டத்து வழக்கப்படி, வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்து வேலையில் இருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பேர் கொடுக்கும்வரைதான் அதில் குடியிருக்கலாம். பூரணியின் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது அவளுடைய இரண்டு முழங்கால்கள். அதில் இடது கால் போன மழைக்காலத்தில் வீங்கத் தொடங்கியது, இன்னும் வற்றவில்லை. மலையிலிருந்து தேயிலைக் கொழுந்து மூட்டையோடு இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி இறங்குகிறாள்.

லயத்துக்கு மேலே, நடந்து போகிற தூரத்தில், பழைய பெரிய துரை பங்களா இருக்கிறது. தோட்டத்துக் கம்பனி அதை வெளிநாட்டு விருந்தினர் தங்கும் ஹோட்டலாக மாற்றி வைத்திருக்கிறது. ஹட்டனில் ஹோட்டல் படிப்புப் படித்து, ஆங்கிலம் பேசப் பழகிய வினோதாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாகிவிட்டால் அதுவும் தோட்டத்து வேலைதான் என்று தோட்டத்து அலுவலகமான கந்தோரில் சொல்லியிருந்தார்கள். வீடு அவள் பேருக்கு மாறும். அம்மா மலைக்குப் போகத் தேவையில்லை. நிரந்தரமாகாவிட்டால், அம்மாவின் கால் நிற்கிற அன்றைக்கு வினோதா கொழுந்துக் கூடை கட்ட வேண்டும். அல்லது இருவரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. யோசனை ஒவ்வொரு முறையும் ஹட்டன் பஸ் நிலையம்வரை போய், அங்கே இறங்கி நின்றுவிடும்.

இப்படி டிவி தூக்கும்படி ஆனதற்குக் காரணம் அவள் வாய்தான். நேர்முகப் பரீட்சையில் மேனேஜர் தர்சன், “எந்த இடம் நீர்?” என்று கேட்டபோது ஜன்னல் வழியே கையை நீட்டி, “அந்தா தெரியிற லயந்தான் சேர். மூணாவது வீடு” என்றாள். அப்படிச் சொல்ல அவளைப் பழக்கியது அம்மா. ஹட்டன் பள்ளிக்கூடத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஊர் கேட்டால் டவுன் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பூரணியோ, டீச்சர் கேட்டதும், “லயத்துல இருந்து வர்றோம் டீச்சர்” என்று கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். வினோதாவுக்கு அன்று காது சூடாகியது. ஆனால் அதற்குப் பிறகு யார் கேட்டாலும் சொல்வது எளிதாகிவிட்டது. ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாத ஆளாக நடமாடுவதில் ஒரு சுகம் இருந்தது. அவளிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்த சில விஷயங்களில் அது ஒன்று.

போன வாரம் தர்சன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். மலையேறி வந்து கால் வலிக்கிற விருந்தினருக்குச் சுடுதண்ணீர் போயிற்றா என்று தானே போய்ப் பார்க்கிறவர்.

“வினோ, இரும். தேத்தண்ணி குடிச்சனீரோ?”

பெயரைப் பாதியாக வெட்டிச் சட்டையில் குத்தும் பட்டையில் போட்டதும் அவர்தான். வெள்ளைக்காரர் வாய்க்கு லேசாக இருக்குமாம்.

“வாறவை கொழுந்து எடுக்கிறதையும் பாத்திட்டினம், ஃபக்டரியையும் பாத்திட்டினம். இப்ப ஆக்கள் எப்பிடிச் சீவிக்கினம் எண்டு பாக்க ஆசைப்படினம். உம்மட லயம் கிட்டத்தானே. அம்மா ரொட்டி சுடுவாவோ?”

“சுடுவாங்க சேர்.”

“விறகிலயோ?”

“கேஸ்ல சேர். போன தீவாளிக்குத்தான் வாங்கினோம்.”

அவர் பேனாவைத் திறந்து மூடினார். “அதை அண்டைக்கு மட்டும் எங்கயாவது எடுத்து வையும். டிவி, பிளாஸ்டிக் கதிரை இருந்தா அதுகளையும். அவை பாக்க வாறது பழைய லயத்தை. டிவி பாக்கிறதுக்கு அவ்வளவு தூரம் பிளேன் ஏறி வருவினமோ?”

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது.

“இன்னொரு விசயம். அது உம்மட வீடு எண்டு சொல்லாதையும். எங்கட ஸ்டாஃபின்ர வீடு எண்டு தெரிஞ்சா, எல்லாம் சோடிச்சு வச்சது எண்டு நினைப்பினம்.”

“அப்ப அம்மாவ என்னன்னு சொல்றது சேர்?”

“கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா எண்டு சொல்லும். அது பொய்யில்லைத்தானே?”

பொய்யில்லை. அதுதான் அவளை மடக்கியது. பொய் என்றால் முகத்துக்கு நேரே இது பொய் என்று சொல்லியிருக்கலாம்.

“அடுத்த மாசம் உம்மட பெர்மனன்ட் விசயமா கொழும்புக்கு எழுத வேணும்,” என்றார் தர்சன். “நல்லதா எழுதத்தான் நினைச்சிருக்கிறன்.” மிரட்டல் ஒன்றுமில்லை. உண்மையாகவே அன்போடு சொன்னார்.

வீட்டுக்கு இறங்கி வருகிற வழியெல்லாம் அம்மா கோபப்படுவாள் என்று வினோதா எதிர்பார்த்துக்கொண்டு வந்தாள். கோபப்பட வேண்டுமென்று ஆசைப்பட்டாள். ‘எங்கம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க சேர்’ என்று மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். தனக்காக வேறொருவர் முடியாது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி.

பூரணி கேட்ட முதல் கேள்வி: “பேர் போடுவாங்களா?”

ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

“முழுப்பேர் போடுவாங்களாம்.”

“மலைக்குப் போகாம, வீட்டுல குந்தி ரொட்டி சுட்டா முழுப்பேரா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“அம்மா, வெளையாடாதீங்க. என்னைய உங்க புள்ளைன்னு சொல்லக்கூடாதாம்.”

பூரணி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

“சொல்லாட்டி நீ எம்புள்ள இல்லேன்னு ஆயிருமா? போடி. ஒனக்கு வேல நெலச்சா போதும்.” சட்டியைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை இடுப்பில் துடைத்து, கதவுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். “வாங்க மிஸ். உள்ளுக்கு வாங்க மிஸ். எப்பிடி, சரியா?”

அம்மா அவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று வினோதாவுக்குத் தெரியாது. சிரிப்பும் வந்தது, சிரித்தவுடனேயே சிரித்திருக்கக்கூடாது என்றும் தோன்றியது. சிரித்ததால் ஒத்துக்கொண்டதாகிவிட்டது.

எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு, கடைசியாகச் சுவரில் இருந்த படத்தையும் பூரணி கழற்றினாள். ஹோட்டல் படிப்பு முடித்த அன்று, வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியில் வினோதா நிற்கிற படம். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, மடித்த சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள். பின்பக்கம் தூர்ந்துபோயிருந்த பழைய அடுப்பைத் தோண்டி, மண் பூசி எடுத்திருந்தார்கள். பழக்கம் விட்டுப்போன புகை, போகும் வழி தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. சுவரை இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

தர்சனும், மொழிபெயர்க்க வினோதாவும் பங்களாவிலிருந்து கூட்டிவந்தவர்கள் மூன்று பேர். ஒரு புருஷன் பெண்சாதி, அவர்களோடு ஒரு வயதான பெண். நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறி இறங்கிவிட்டு வந்த களைப்பு மூவர் நடையிலும் தெரிந்தது. வயதான பெண் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் படி இறங்கியதைப் பார்த்ததுமே பூரணி, “அடி பாவமே, எங்கால் மாதிரியே” என்றாள்.

“வாங்க மிஸ்,” என்று வினோதாவைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு வாங்கை முந்தானையால் துடைத்து, “ஒக்காருங்க மிஸ்” என்றாள். வினோதா படித்து வளர்ந்த வாங்கு அது. அதன் ஓரத்தில் காம்பஸ் முனையால் அவள் கீறிய பூ இன்னும் இருந்தது. அந்தப் பூவின் மேல், அந்நியர் வீட்டில் உட்காருகிறவள்போல, நுனியில் உட்கார்ந்தாள். அம்மாவின் குரலில் விளையாட்டு இல்லை. கந்தோரில் ஐயாமாரிடம் பேசும்போது வருகிற, கொஞ்சம் ஒடுங்கிய, உண்மையான மரியாதை இருந்தது. அந்த மரியாதை தன் மேல் வந்து விழுந்ததும் எச்சில் கையை யாரோ தன் மேல் துடைத்ததுபோல வினோதாவுக்குக் கூசியது.

பூரணி மாவைத் தட்டினாள். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் மணத்தன. தர்சன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வயதான பெண் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்ததைக் கவனித்த பூரணி, யாரும் சொல்லாமலே எழுந்து போய்த் தைலப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கித் தேய்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சுவரைக் காட்டி ஏதோ கேட்டாள்.

வாசல் வெளிச்சம் அங்கே நேராக விழுந்திருந்தது. கேஸ் வருவதற்கு முந்தைய புகையெல்லாம் படிந்து பழுப்பேறிய சுவரின் நடுவில், படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

“அந்த எடத்துல என்னா இருந்துச்சுன்னு கேக்குறாங்க,” என்றாள் வினோதா.

சாமி படம் என்று சொல்லியிருக்கலாம். காலண்டர் என்று சொல்லியிருக்கலாம். பூரணி ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். “எம்மக படம்” என்றாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு வினோதா கேட்டபோது, வேறொன்றும் வாயில் வரவில்லை என்றாள்.

வினோதா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மகள் எங்கே இருக்கிறாள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

“கொழும்புல வேல செய்யுதுன்னு சொல்லுங்க மிஸ்.”

“இவருடைய மகள்,” என்று வினோதா ஆங்கிலத்தில் தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. அடுப்புப் புகை கண்ணைக் கரித்தது. அம்மா நிமிராமல் மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்; தட்டுகிற சத்தம் மட்டும் முன்னைவிட வேகமாகியிருந்தது. தான் சொல்ல வேண்டியது, கொழும்பில் இருக்கிறாள் என்ற ஒரு சின்ன வாக்கியம். அதைச் சொன்னால் அம்மாவின் கால் பிழைக்கும்.

“நான்தான்,” என்றாள் வினோதா ஆங்கிலத்திலேயே. “நான்தான் இவங்க மகள். இது எங்க வீடு.”

வயதான பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. எழுந்து வந்து முதலில் வினோதாவையும், பிறகு மாவுக் கையோடு இருந்த பூரணியையும் கட்டிப்பிடித்தாள். மற்ற இருவரும் படம் எடுத்தார்கள். அந்தக் குழப்பத்தின் நடுவே பூரணி, யாருக்கும் கேட்காத குரலில், “ஏன்டி?” என்றாள்.

பங்களாவுக்கு ஏறிப் போகும்போது வினோதாவுக்குப் பயம் இல்லை. வேலை போய்விட்டது என்பது உறுதியாகிவிட்டது போலிருந்தது; உறுதியானதும் உடம்பு லேசாகிவிட்டது. காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை. இனிக் கூடை கட்ட வேண்டும், கட்டுவோம் என்று நினைத்துக்கொண்டாள். அறைக்குள் போனதும் முந்திக்கொண்டு, “மன்னிச்சிருங்க சேர்,” என்றாள்.

“என்னத்துக்கு மன்னிப்பு?” தர்சன் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. “இரும் வினோ, இரும். அந்த மனிசி இன்னும் அழுதுகொண்டிருக்கிறா. இஞ்ச வந்ததுக்கு இது ஒண்டே போதும் எண்டு சொன்னவ. நான் யோசிச்சதுதான் பிழை. நீர் செய்ததுதான் சரி.”

வினோதாவுக்கு ஒரு கணம் உலகமே நல்லதாகத் தெரிந்தது.

“ஆனா முதலே சொல்லாதையும்,” என்றார் அவர். “இண்டைக்கு மாதிரிக் கடைசியில, அந்த இடத்தில, கொஞ்சம் நிப்பாட்டி. சுவரில இருக்கிற அந்த வெள்ளையைப் பூசிப் போடாதையும், என்ன? அவை கேக்காட்டி நான் கேக்கிறன். செவ்வாயும் சனியும் செய்வம். கொழும்புக்கு எழுதேக்க இதைத்தான் முதலா எழுதப்போறன்.”

பொய்யைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். அவர் கேட்டது உண்மையை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் அதைச் சொன்னாள். விருந்தினர் அழுதார்கள். சனிக்கிழமையும் சொன்னாள். பூரணிக்கும் பழகிவிட்டது, “எம்மக படம்” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சக் கற்றுக்கொண்டாள். ஜீவராணி தன் வீட்டுக் கேஸ் அடுப்பில் சோற்றை வேகவிட்டு, வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பாள்.

“இன்னைக்கு அழுக கொஞ்சம் கொறவுதான்க்கா. போன கெழம வந்த பொம்பளதான் நல்லா அழுதுச்சு.”

“இன்னைக்கு வந்தவன் ஆம்பளடி. அவன் அழுததே பெருசு.”

“ஏன் வினோதா, நீ ‘நான்தான்’னு சொல்லுறதுக்கு முந்தி லேசா தலய குனிஞ்சா இன்னும் நல்லாருக்கும்.”

வினோதாவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் ஏற்கெனவே குனிந்துகொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், எந்த இடத்தில் நிறுத்தினால் அவர்கள் கண் கலங்கத் தொடங்கும் என்பதை அவள் உடம்பே படித்து வைத்திருந்தது. ‘இவருடைய மகள்’ என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அடுப்பைப் பார்த்து, பிறகு நிமிர்ந்து. முதல் நாள் தொண்டை அடைத்த இடத்தில் இப்போது தொண்டை அடைக்கவில்லை. அடைத்ததுபோல நிறுத்தினாள்.

பூரணியின் கால் முழங்காலுக்குக் கீழேயும் வீங்கியபோது வினோதா அவளை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் இளம் வயதுக்காரர். காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“இவங்க,” என்றாள் வினோதா. நின்றாள். ஒரு மூச்சு. தலை தானாகக் குனிந்து நிமிர்ந்தது. “எங்கம்மா.”

டாக்டரின் முகம் இளகியது. விருந்தினர் முகம் இளகுமே, அதே மாதிரி. அவர் ஏதோ ஆறுதலாகச் சொன்னார். மலை ஏறுவதை நிறுத்தாவிட்டால் இந்தக் கால் மடங்காமல் போய்விடும் என்றார். வினோதாவுக்கு எதுவும் ஒழுங்காகக் காதில் விழவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வட்டவளைக்குத் திரும்பினார்கள். ஜன்னல் கண்ணாடியில் மழை கோடு கோடாக வழிந்தது. வினோதா மனசுக்குள் அம்மா என்று சொல்லிப் பார்த்தாள். சின்ன வயதில், அம்மா மலைக்குப் போகையில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று கத்துவாளே, அந்த மாதிரி. வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் ஒரு நிறுத்தம் வந்து நின்றது. சொல்லுக்கு முன்னால் யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு, பார்க்க ஆட்கள் வரும்வரை காத்திருப்பதுபோல.

இறங்குகிற இடம் நெருங்கியபோது பூரணி சொன்னாள், “டாக்டர்கிட்ட நீ சொன்னது நல்லால்ல பாப்பா.”

“தெரியுது.”

“வேணும்னா சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருவமா?”

“அடிக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க.”

“ம்,” என்றாள் பூரணி. காலை நீட்டித் தடவிக்கொண்டாள். “ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி. எங்காலப் பாத்துச் செய்யாத.”

எப்படிப் பாராமல் இருப்பது? அந்தக் கால் எதிர் இருக்கைவரை நீண்டு அவள் கண்முன்னே கிடந்தது. சொன்னால் அந்தக் கால் பிழைக்கும்; இதற்குமேல் யாரிடமும் அம்மா என்று நேராகச் சொல்ல வராது. சொல்லாவிட்டால் அம்மா திரும்பக் கிடைப்பாள், நண்டு மாதிரி மலை இறங்கிக்கொண்டு.

அந்தச் சனிக்கிழமை ஒரு இளம் ஜோடி வந்தது. இருவர் கையிலும் கமெரா. பெண் ரொட்டியை ரசித்துச் சாப்பிட்டாள். சம்பல் உறைத்து மூக்கில் தண்ணீர் வந்ததும் பூரணியும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள். சுவரை இருவரும் கவனிக்கவில்லை. தர்சன் கதவோரம் இருந்து மெதுவாக முன்னால் வந்தார். அந்த இடத்தில் ஏதோ இருந்திருக்கிறதே என்று, தானும் இப்போதுதான் பார்ப்பவர்போலக் கேட்டார்.

“எம்மக படம்,” என்றாள் பூரணி. மூக்கை உறிஞ்சவில்லை.

மகள் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். கூட வந்தவன் கமெராவைத் தூக்கினான்.

“கொழும்புல வேல செய்யுதுன்னு சொல்லுங்க மிஸ்.” சொல்லிவிட்டுப் பூரணி நிமிர்ந்தாள். இத்தனை நாளும் இந்த இடத்தில் அவள் நிமிர்ந்ததில்லை.

“இவருடைய மகள்,” என்றாள் வினோதா. நிறுத்தம் தானாக வரப் பார்த்தது. அது வருவதற்குள் அவசரமாக, பஸ் தவறிவிடும் என்று ஓடுகிறவள்போல, முடித்தாள். “கொழும்பில் வேலை செய்கிறாள்.”

தர்சன் காத்திருந்தார். இது புது மாதிரியான நிறுத்தம், இன்னும் வரும் என்று நினைத்திருப்பார். வினோதா வாங்கின் ஓரத்துப் பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். முதல் நாள் உண்மையைச் சொன்னபோது அதிராத நெஞ்சு இந்தப் பொய்க்கு அதிர்ந்தது.

“எப்போது வருவாள்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

வினோதா அம்மா பக்கம் திரும்பினாள். “எப்ப வருவாங்கன்னு கேக்குறாங்க.”

பூரணி அவளையே பார்த்தாள். ரொட்டி கருகும் மணம் வந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

“வேல முடிஞ்சதும் வந்துரும்னு சொல்லுங்க,” என்றாள்.

வினோதா அதைச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள். “நல்லது,” என்றாள். இன்னொரு ரொட்டி கேட்டாள். யாரும் அழவில்லை.

விருந்தினர் முன்னால் ஏறிப் போக, தர்சன் பின்தங்கி வந்து அவளோடு நடந்தார்.

“மறந்திட்டீரோ?”

“இல்ல சேர்.”

“பிறகு?”

“அத இனிமே சொல்ல மாட்டேன் சேர். அடுப்பு, ரொட்டி எல்லாம் இருக்கட்டும். டிவியையும் தூக்கி வைக்கிறோம். அது மட்டும் வேணாம்.”

“உண்மையைத்தானே சொல்லச் சொன்னனான்?” அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “பொய்யைச் சொல்லுறன் எண்டு நிக்கிறீர். என்ன பிள்ளை நீர்?”

வினோதா முன்னால் பார்த்து நடந்தாள். ஹட்டனில் டாக்டர் முகம் இளகியதை இவரிடம் சொன்னால், அதற்கும் இவர் முகம் இளகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

“கொழும்புக்கு எழுதினதில அதைத்தான் முதலா எழுதினனான். இனி அவை கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?” கொஞ்ச தூரம் போனபின், “இப்போதைக்கு உறுதிப்படுத்த வேண்டாம் எண்டுதான் எழுத வேண்டிவரும். தற்காலிகமாவே இருக்கட்டும். இன்னும் கொஞ்ச மாசம் பாப்பம்” என்றார். “யோசியும்.”

“சரி சேர்.”

“செவ்வாய்க்கிழமை ஆக்கள் வருவினம். ரொட்டி இருக்கட்டும்.”

அந்தியில் அவள் வீட்டுக்கு இறங்கியபோது பூரணி கேஸ் அடுப்பைத் திரும்ப வைத்துவிட்டு, வெளியே படியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடைக்கயிறு கிடந்தது. அறுந்த இடத்தில் புது முடிச்சு போட்டிருந்தாள்.

“என்னா சொன்னாரு?”

“இன்னும் கொஞ்ச மாசம் தற்காலிகந்தானாம்.”

பூரணி துணியை இழுத்துக் கட்டினாள். “கொஞ்ச மாசந்தானே,” என்றாள். வலித்ததில் முகம் ஒருபக்கம் கோணியது. “கெடக்குது போ.”

ஜீவராணி வாசலுக்கு வந்தாள். “இன்னைக்கு அழுகையே இல்லியாமே? சம்பலுக்குத்தான் அழுதாங்கன்னாங்க.” பூரணியின் முழங்காலில் சுற்றிய துணியைக் கண்டு குரலை மாற்றிக்கொண்டாள். “அக்கா, செவ்வாக்கெழமன்னா மறுபடியும் இந்த டிவியத் தூக்கணும். ஒங்க காலும் இப்பிடி இருக்கு. அதுவரைக்கும் எங்க வீட்டுலயே இருக்கட்டுமே?”

“இல்லடி,” என்றாள் பூரணி. “கொண்டா.”

வினோதா போய்க் கம்பளியோடு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் பூரணி பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து, ஒற்றைக் காலில் பாரத்தை வைத்து எம்பி, ஆணியில் மாட்டியிருந்தாள். படம் சற்றுச் சாய்ந்து, ஒரு ஓரத்தில் வெள்ளை தெரிந்தது.

“அம்மா, எடப்பக்கம் கொஞ்சம் ஏத்துங்க,” என்றாள் வினோதா.